புற்றுநோய்க் கலங்கள் ஒளிர்ந்தபடி நகரும் வீடியோக்கள் உண்மையா, கணினியில் வரைந்தவையா?

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு போனபோது, இரண்டு வருடம் எனக்கு அதுதான் வேலை. நிறம் மட்டும் நாங்கள் போட்டது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புற்றுக்கலமும் பக்கத்துக் கலமும் ஒரே கஞ்சித்தண்ணி மாதிரித்தான் தெரியும். அதனால் ஆய்வகத்தில் வளர்க்கும்போதே, ஒளிரும் புரதத்துக்கான பரம்பரையலகைப் புற்றுக்கலத்துக்குள் சேர்த்துவிடுவோம். கலம் பிரியப் பிரியப் புதிய கலங்களும் ஒளிரும். பச்சைப் புரதம் வந்தது சொறி மீனிலிருந்து. நம்மூரில் வலையில் ஏறினால் திட்டிக்கொண்டே தூக்கி எறிவார்களே, அதன் வட பசிபிக் சொந்தம் ஒன்று. 1962இல் ஒசாமு ஷிமோமுரா அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்பி அதை பற்றீரியாவிலும் புழுவிலும் ஒளிரவைத்தார். ரோஜர் சியென் வேறு நிறங்களை உண்டாக்கினார். மூவருக்கும் சேர்த்து 2008இல் வேதியியல் நோபல் பரிசு.

நான் பார்த்தது சீப்ரா மீன் குஞ்சில். இரண்டு நாள் வயதில் 3 மில்லிமீற்றர் வரும், உடம்பு கண்ணாடி. இரத்தக்குழாய்ச் சுவர் பச்சையாக ஒளிரும் வகை ஒன்று இருக்கிறது. அதற்குள் சிவப்பாக ஒளிரும் மனிதப் புற்றுக்கலங்களைக் கண்ணாடி ஊசியால் ஏற்றி, மயக்கமருந்து கொடுத்து, இளகிய அகரில் சரித்துப் படுக்கவைப்போம். மீனுக்கு 28 பாகை வேண்டும், மனிதக் கலத்துக்கு 37. இரண்டுக்கும் பொதுவாக 34இல் வைப்போம், இரண்டுக்குமே அது முழுத் திருப்தி இல்லை. பிறகு விடியும்வரை சில நிமிடத்துக்கு ஒரு படம்.

ஓர் இரவுப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வால் பக்கத்து மெல்லிய குழாயில் ஒரு சிவப்புக் கலம் சிக்கிக்கொண்டது. ஒழுங்கைக்குள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றுவிட்டால் சைக்கிள்காரர் வேலியை உரசிக்கொண்டு போவார்களே, அப்படி மீனின் குருதிக்கலங்கள் அதன் பக்கவாட்டால் நெருக்கியடித்துப் போயின. பல மணிநேரம் அசைவில்லை. அப்புறம் குழாய்ச் சுவரில் ஒரு பச்சை இடுக்கு, அதன் வழியே சிவப்பாக ஒரு விரல். கலத்தின் கரு நுழையத்தான் கஷ்டப்பட்டது, இடுப்பில் இறுகிய நிலக்கடலைக் கோது மாதிரி நசுங்கியது. விடியமுன் கலம் வெளியே நின்றது.

இப்படித் தப்பி வருவது கொஞ்சம்தான். பெரும்பாலானவை குழாய்க்குள்ளேயே சிதறிக் காலையில் தூளாகக் கிடக்கும். வெளியே வந்ததும் எல்லா இடத்திலும் வேர்விடாது. ஸ்டீபன் பாஜெட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை மருத்துவர் 1889இலேயே, மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, விதை எங்கும் போனாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதிவிட்டார். அவரிடம் ஒளிரும் கலம் ஒன்றும் இருக்கவில்லை.

வீடியோ உண்மையானாலும், அதற்குச் சொல்லும் விளக்கம் பிழையாகலாம். நானே பிழைவிட்டேன். ஆரம்பத்தில் சோம்பலில், பரம்பரையலகு சேர்க்காமல் கல மென்சவ்வில் ஒட்டும் சிவப்புச் சாயத்தைப் பூசினேன். மூன்றாம் நாள் மீனின் தலைப்பக்கம் சிவப்புப் புள்ளிகள் ஓடித்திரிந்தன. பரவிவிட்டது என்று துள்ளிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். "அது புற்றுக்கலம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். துப்புரவு செய்யும் வெண்குருதிக் கலங்கள் பச்சையாக ஒளிரும் மீனில் திரும்பச் செய்தேன். என் சிவப்புப் புள்ளிகளில் பெரும்பகுதி பச்சைக்குள்ளே கிடந்தது. செத்த புற்றுக்கலங்களை அவை விழுங்கிவிட்டு, வயிற்றில் சாயத்தோடு உலாவியிருக்கின்றன. ஆறு கிழமை வேலை போச்சு.

எலியிலும் பார்க்கலாம். தோலில் கண்ணாடி யன்னல் பொருத்தி, அகச்சிவப்பு லேசர் நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள். ஆனாலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போவது கஷ்டம்.

மனிதரில்? தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போய்வந்த என் மாமியும் இதைத்தான் கேட்டார்: "தம்பி, நீ மீனுக்குப் பாத்த மாதிரி எனக்கும் லைட் போட்டுப் பாக்கேலாதே?" ஏலாது. மீனில் முன்கூட்டியே ஒளிரவைத்த கலத்தை நாங்களே உள்ளே விடுகிறோம். மாமியின் கலங்களோ யாரையும் கேட்டு வளரவில்லை. ஒளி அவ்வளவு சதையைத் தாண்டி வரவும் மாட்டாது. பெட் ஸ்கானில் தெரிவது கதிரியக்கச் சர்க்கரை எங்கே அதிகம் சேர்கிறது என்பது, தனிக் கலமல்ல. சத்திரசிகிச்சையில் மட்டும் ஒளிர்வுக்கு இடமுண்டு. சிலவகை மூளைக்கட்டிக்கு முன்கூட்டி ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாகத் தெரியும். மார்புப் புற்றில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவைக் கமெராவால் தேடி எடுப்பதும் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப மீனுக்குத்தான் குடுத்து வைச்சிருக்கு."