குழந்தையின் கவனமும் வீட்டின் கவலைகளும்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், குழந்தையின் நடத்தையைக் கையாளக் கற்றுத்தரும் பெற்றோர் பயிற்சிக்கு வாரந்தோறும் என்னை வரச் சொன்னார். கணவருக்கு வேலை போய்விட்டது. நான் இரவு வேலைக்குச் செல்கிறேன். வாடகை பாக்கி நிற்கிறது. ஐந்து வகுப்புகளில் மூன்றுக்குப் போக முடியவில்லை. நிலைமையைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பயிற்சியை விட்டுவிட்டு மாத்திரை கேட்கலாமா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்த மூன்று வகுப்புகளை நீங்கள் தவறவிட்டதற்கு அக்கறையின்மை காரணமன்று. நேரமும் பயணச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாத வீட்டில், வாரம் ஒரு வகுப்பு என்பது பெரிய பாரம். இதைக் கேட்டறியாமல் கோப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

நானும் ஒருமுறை கேட்கத் தவறினேன். நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை ஒன்றை ஒரு தாயிடம் கொடுத்து, சுவரில் மாட்டச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்து அவர் அதைப் பையிலிருந்து நான்காக மடித்தபடியே எடுத்து வைத்தார். ஒரு நட்சத்திரம்கூட ஒட்டப்படவில்லை. விசாரித்தபோதுதான், வீட்டைக் காலி செய்துவிட்டு உறவினர் வீட்டுக் கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்பதும், அங்கே ஆணி அடிக்க அவருக்கு உரிமையில்லை என்பதும், பெரியவர்கள் விளக்கணைக்கும்வரை குழந்தை உறங்குவதில்லை என்பதும் தெரியவந்தன.

மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தாலும், வயிறு நிறையாவிட்டாலும், இரும்புச்சத்துக் குறைந்தாலும் குழந்தையின் கவனம் சிதறும், எரிச்சல் கூடும். ஏ.டி.எச்.டி. வறுமையால் வரும் நோய் என்று இதற்குப் பொருளில்லை. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. ஆனால் ஏற்கெனவே கவனம் தடுமாறும் குழந்தைக்கு வீட்டின் இல்லாமைகள் அன்றாடத்தை இன்னும் கடினமாக்குகின்றன. நாளைய வாடகையை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்க்கு, பயிற்சியில் சொல்லப்படும் பொறுமையை வரவழைத்துக்கொள்வதும் எளிதன்று.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல்படி, நான்கு வயது முடிந்து ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை பெற்றோர் பயிற்சியும் வகுப்பறையில் செய்யும் நடத்தைசார் உதவிகளும்தான். அவற்றால் போதிய முன்னேற்றமில்லாமல் பாதிப்பு கணிசமாகத் தொடர்ந்தால் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைப் பரிசீலிக்கலாம். பயிற்சிக்கே வழியில்லாத இடங்களில், மருந்தின் தீங்கையும் தாமதத்தின் தீங்கையும் மருத்துவர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். ஆகவே மாத்திரை பற்றிக் கேட்பதில் தவறில்லை. ஆயினும் பயிற்சிக்கு வர முடியாத காரணத்தைத் தெரிவிக்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

வறுமையும் குழந்தை நலமும் குறித்த 2016 அறிக்கையில், குடும்பங்களின் அடிப்படைத் தேவைகளைக் கேட்டறியும்படி அதே கழகம் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. “கடந்த 12 மாதங்களில், மறுபடி வாங்கப் பணம் வருமுன் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா?” என்பது போன்ற கேள்விகள் அதற்காகவே உள்ளன. உங்களிடம் யாரும் கேட்கவில்லையென்றால், “வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம் தாருங்கள்” என்று நீங்களே தொடங்குங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், வாடகை, உணவு, பயணம், உங்கள் உறக்கம் என நான்கையும் ஒரு தாளில் எழுதி நீட்டலாம்.

சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாடகைக்கும் உணவுக்கும் எங்கே விண்ணப்பிப்பது என்று அவர் அறிந்திருப்பார். பயிற்சியைத் தொலைபேசியிலோ காணொளியிலோ உங்கள் வேலை நேரத்துக்கேற்ப நடத்த இயலுமா என்றும், பகலில் வீட்டிலிருக்கும் உங்கள் கணவர் உங்களுக்குப் பதிலாகக் கலந்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள். பையனை நாள் முழுதும் சமாளிப்பவர் அவர்தான் என்றால், அந்தப் பயிற்சி உங்களைவிட அவருக்கே முதலில் தேவைப்படும்.