பங்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,
அட்டனில் இருந்தபடி கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் மென்பொருள் பொறியியலாளன் நான். நுவரெலியா, வெலிமடைப் பகுதி மரக்கறி விவசாயிகள் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் அன்றைய விலையை அறியவும், லொறியில் இடம் பகிர்ந்துகொள்ளவும் ஒரு செயலி செய்திருக்கிறேன். வியாபாரத்தைக் கவனிக்க ஓர் இணை நிறுவனர் தேவை. வணிக முகாமைத்துவம் படித்த நண்பர் பாதிப் பங்கு தந்தால் வருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
வாசகர், அட்டன்

அன்புள்ள தம்பிக்கு,
இப்போது சம்மதிக்க வேண்டாம். நண்பரின் படிப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர் உங்களுக்காக என்ன செய்யப்போகிறார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை.

லீக்ஸும் கரட்டும் பயிரிடுகிறவர் விதைக்கும் உரத்துக்கும் தரகரிடம் முற்பணம் வாங்கியிருந்தால், அறுவடையையும் அவரிடமே ஒப்படைத்தாக வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தம்புள்ளை விலை கைத்தொலைபேசியில் தெரிவதால் மட்டும் பயன் எதுவும் இல்லை. இதை விவசாயியின் வாயாலேயே கேட்டு வந்து, நீங்கள் விரும்பிச் செய்த ஒரு பகுதியை நிறுத்தும்படி உங்களிடம் துணிந்து சொல்லக்கூடியவரே உங்களுக்கு வேண்டிய பங்காளர். அவர் லொறிச் சொந்தக்காரர்களோடும் தம்புள்ளை வியாபாரிகளோடும் சிங்களத்தில் தயக்கமின்றிப் பேரம் பேச வேண்டும். வரவேண்டிய காசைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படக் கூடாது. மரக்கறி சேகரிக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறவர்களிடையேயும் தேடிப் பாருங்கள்.

அப்பிள் நிறுவனத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். 1976இல் வொஸ்னியாக் வடிவமைத்த கணினிக்கு அவருடைய இணை நிறுவனர் ஸ்டீவ் ஜொப்ஸ் தேடிக்கொண்டு வந்தது, பைட் ஷொப் என்ற கடை தலா 500 டொலருக்கு 50 கணினிகள் கேட்ட கட்டளையைத்தான். பொருத்தி முடித்த கணினியாகவே வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதால், அவர்கள் விற்கவிருந்த பொருளே மாறியது.

ஆகவே பங்குப் பேச்சைத் தள்ளிவைத்து, பணம் தரச் சம்மதிக்கும் 10 விவசாயிகளையும் ஒரு லொறிக்காரரையும் 3 மாதத்துக்குள் சேர்த்துத் தரும்படி நண்பரிடம் கேளுங்கள். அதுவரை செயலியில் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். லொறி இடத்தை வட்ஸ்அப் குழுவிலேயே ஒழுங்கு செய்யலாம். சில நாள் நீங்களும் கூடப் போங்கள், இல்லாவிட்டால் அவர் வேலையின் தரத்தை உங்களால் மதிப்பிட முடியாது.

முழுநேரமாக இறங்குகிறவருக்குப் பாதிப் பங்கு அதிகமல்ல; முதல் நாளே அது கைமாறுவதுதான் ஆபத்து. 4 ஆண்டுகளில் படிப்படியாக உரித்தாகும்படியும், முதலாண்டு முடியுமுன் விலகினால் எதுவும் சேராதபடியும் எழுதுவது இத்துறையில் வழக்கம். அதே நிபந்தனை உங்களுக்கும் இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யும்போதே, பங்குதாரர் உடன்படிக்கையைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கொழும்பு வேலையின் ஒப்பந்தத்தையும் அவரிடம் காட்டுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே உரியது என்ற வாசகம் அதில் இருந்தால், யாருக்கும் பங்கு கொடுப்பதற்கு முன் அதைத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.