கைத்தட்டலுக்கு ஆடும் திரை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் பதினோரு ஆண்டுகளாக வீணை பயில்கிறாள். வரும் மார்கழியில் எங்கள் ஊரில் அவளுடைய முதல் முழுக் கச்சேரி நடக்கவிருக்கிறது. கணினிப் பொறியியல் படிக்கும் என் மகன், அவள் வாசிக்கும்போதே அந்த ஒலியை வாங்கிப் பின்திரையில் வண்ண உருவங்களாக அசையவிடும் மென்பொருளை ஓட்டலாம் என்கிறான். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அவளுடைய குருவோ, “கேட்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்” என்று வருந்துகிறார். அந்த மென்பொருள் உண்மையில் இசையைப் புரிந்துகொண்டுதான் வரைகிறதா? இதைச் செய்யலாமா, கூடாதா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

குருவின் அச்சம் நியாயமானது. சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட திரை வைத்த ஒரு கச்சேரியில் நான்காவது வரிசையில் அமர்ந்திருந்தேன். பாடகர் ஆலாபனையின் நடுவில் கீழ் ஸ்தாயியான மந்திர ஸ்தாயியின் பஞ்சமத்தில் வந்து நின்று, மூச்சு தீரும்வரை அதை மெல்லத் தேய்த்துக்கொண்டே போனார், அரங்கம் உறைந்திருந்தது. அந்த நேரத்தில் திரையில் ஒரு மங்கிய வளையம் மட்டும் சோம்பலாக அசைந்தது. அவர் முடித்ததும் நாங்கள் கைதட்டினோம். திரை முழுவதும் மஞ்சளும் சிவப்புமாக வெடித்துச் சிதறியது. அன்றைய மாலையின் மிகப் பெரிய காட்சி எங்கள் உள்ளங்கைகளுக்குக் கிடைத்தது என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. இசையைக் கண்ணுக்குக் காட்டும் ஆசை பழையது. 1725-லேயே பிரான்ஸில் லூயி பெர்த்ரான் காஸ்தெல் என்ற பாதிரியார், கட்டையை அழுத்தினால் நிறம் தோன்றும் ஹார்ப்சிகார்ட் ஒன்றைச் செய்யலாம் என்று எழுதினார். நம் தலைமுறைக்கு அந்த ஆசையைக் கொண்டுவந்து சேர்த்தது, 2001-இல் கணினியில் பாட்டுக் கேட்க உதவும் வினாம்ப் என்ற மென்பொருளுக்காக ரையன் கைஸ் எழுதிய மில்க்டிராப் என்ற காட்சி மென்பொருள். இன்று இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்எம் அதன் வழித்தோன்றல். உங்கள் மகன் ஓட்டிக்காட்டியதும் இவ்வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

மில்க்டிராப் ஒரு அருமையான படைப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படத்தை வரைவதில்லை. சற்றுமுன் திரையில் இருந்த படத்தையே எடுத்து, மிகச் சிறிதளவு பெரிதாக்கி, திருப்பி, வளைத்து, கொஞ்சம் மங்கலாக்கி, அதன்மேல் இந்தக் கணத்து ஒலியலையை ஒரு கோடாக இழுக்கிறது. நொடிக்குப் பல பத்து முறை இது நடப்பதால், கோடு புகையாகிச் சுழன்று ஆழத்துக்குள் போவதுபோல் நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த அழகில் பெரும்பங்கு படம் தன்னையே தின்று வளர்வதால் வருவது. ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். பல வடிவங்கள் அப்போதும் அசைந்துகொண்டிருக்கும்.

இசையிலிருந்து அது எடுத்துக்கொள்வது முக்கியமாக மூன்று எண்கள்: கீழ்ச்சுருதிப் பகுதியின் பலம், நடுப்பகுதியின் பலம், மேற்பகுதியின் பலம். அவையும்கூட அண்மையில் ஒலித்ததன் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுபவை. 1 என்றால் வழக்கமான அளவு, ஏறத்தாழ 0.7-க்குக் கீழே போனால் அடக்கம், 1.3-க்கு மேலே போனால் உரப்பு. நடன அரங்கில் இடைவிடாமல் அதிரும் இசைக்கு இது பொருத்தமான ஏற்பாடு. நம் கச்சேரிக்கு இது பெரிய இழப்பு. ஏனெனில் ராகத்தை முணுமுணுப்பில் தொடங்கி, தானம் என்ற லயப் பகுதியில் நிமிர்ந்து, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் உச்சிக்குப் போகும் ஒன்றரை மணி நேர ஏற்றத்தை, ‘சற்றுமுன் இருந்ததைவிட எவ்வளவு’ என்று மட்டும் கேட்கும் கணக்கு முழுவதுமாகத் தட்டையாக்கிவிடுகிறது. எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் சடசடக்கும் கைத்தட்டலோ அதற்குப் பெருவிருந்து.

சுரங்களையாவது அது அறியுமா என்றால், அதுவும் கடினம். ஒலியைக் கணினி நொடிக்கு 44,100 மாதிரிகளாக எடுத்து, 2,048 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது அது அதிர்வெண்களை ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பெட்டிகளில்தான் போட முடியும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்கடுத்த சுத்த ரிஷபம் சுமார் 139. இடைவெளி 8 ஹெர்ட்ஸ்தான். அந்தக் கணக்கில் அடிப்படைச் சுரத்தை மட்டும் பார்த்தால், மாயாமாளவகௌளை ராகத்தின் முதல் இரண்டு படிகளான அந்தச் சட்ஜமும் ரிஷபமுமே ஒரு பெட்டிக்குள் விழுந்துவிடும். துண்டை நீட்டினால் பெட்டி குறுகும். ஆனால் அந்த நீண்ட துண்டுக்குள் கமகம் என்னும் சுர அசைவு பாதி தூரம் அசைந்துவிட்டிருக்கும். ஆகவே அது இசையைப் புரிந்துகொள்வதில்லை. ஒலியின் எடையைப் பார்க்கிறது.

அப்படியானால் திரையே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். சர் சி.வி. ராமன் 1934-இல் நம் தாளக்கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையை நினைத்துக்கொள்கிறேன். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அடித்தபோது, அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்து உருவங்களாக நின்றது. சாதாரணப் பறையின் மேலொலிகள் சுருதிக்கு ஒத்துவருவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே பூசிய கரணை என்ற கருப்புப் பூச்சு அவற்றை இழுத்துச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்பதை அந்த மணல் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்தது. காதுக்கு இன்பமாக மட்டும் இருந்த ஒன்றின் காரணத்தைக் காட்டிய காட்சி அது. நான் கேட்பதும் அத்தகைய காட்சியைத்தான்.

அமெரிக்காவில் ஸ்டீபன் மாலினோவ்ஸ்கி தம் இசை அசைவுப் படங்களில் செய்தது இதற்கு நெருக்கமானது: ஒவ்வொரு சுரமும் ஒரு வண்ணப்பட்டை, உயரம் சுருதியைக் குறிக்கும், நீளம் காலத்தைக் குறிக்கும், பட்டைகள் நகர்ந்து செல்லச் செல்லப் பல குரல்கள் பின்னிப் போவது பயிற்சியில்லாதவருக்கும் விளங்கிவிடும். ஆனால் பட்டை என்பது அசையாமல் நிற்கும் சுரத்துக்கு ஏற்றது. நமக்கு வேண்டியது வளையும் கோடு.

உங்கள் மகன் வீணையின் சுருதியை மட்டும் பின்தொடரும் ஒரே ஒரு கோட்டை வரையட்டும். அதற்கு மேலே சொன்ன பெட்டிக் கணக்கு வேண்டாம். ஒலியலையைச் சற்றே நகர்த்தி அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்துச் சுருதி காணும் முறைகள் உண்டு, 2002-இல் வெளிவந்த ‘யின்’ அவற்றில் பெயர்பெற்றது. மகளைத் தோடி ராகத்தில் காந்தாரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். காந்தாரத்தின் இடத்தில் கோடு நிற்கவே நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அலைந்தபடியே இருக்கும். இத்தனை நாளும் ‘காந்தாரம்’ என்று கேட்டுவந்தது ஓர் இடமன்று, ஓர் அசைவு என்பது அரங்கின் கடைசி வரிசையில் இருக்கும் சிறுவனுக்கும் அந்த ஒரு கோட்டில் தெரியும். கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும் இடக்கையும் கோடும் சேர்ந்து அசைவதைப் பார்த்தவர் கேட்பதை விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. மில்க்டிராப்பின் மங்கிச் செல்லும் உத்தியை இங்கே அளவோடு வைத்துக்கொள்ளலாம். போன பிடியின், அதாவது இசைத்தொடரின், சுவடு, அடுத்த பிடி வரும்வரை தேய்ந்துகொண்டே இருக்கட்டும்.

சில இடைஞ்சல்கள் வரும். அரங்கத்து மைக்கை நம்ப வேண்டாம். ஒலி அமைப்பாளரின் மிக்ஸரிலிருந்து வீணைக்கெனத் தனி இணைப்புக் கேட்டு வாங்குங்கள். தாளக் கம்பிகளை மீட்டும்போதெல்லாம் கோடு சட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ தாவப் பார்க்கும். சில சமயம் ஒரு ஸ்தாயி மேலே குதிக்கும். திடீர்த் தாவல்களை நம்பாமல் ஒரு கணம் பொறுத்து வரையும்படி அவன் எழுத வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை வீணைக்குச் சரி, மிருதங்கத்துக்குச் சரிவராது. நொடிக்கு ஒரு அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, போகும்போது அதில் மிருதங்கத்தின் எட்டுச் சொற்கள் (தட்டொலிகள்) விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிநொடிதான். ஒலித்துண்டு, கணக்கு, புரொஜக்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவு தாமதித்தாலே படம் ஒரு சொல் பின்தங்கிவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது திரையை அணைத்துவிடுங்கள். வித்வானின் விரல்களை எல்லோரும் பார்க்கட்டும்.

திரையை மேடைக்குப் பின்னால் உயரத்தில் மாட்டாமல் மகளின் தோளளவில், பக்கவாட்டில் வையுங்கள். கருப்புப் பின்னணியில் ஒரே நிறம் போதும். சுருதி என்று எதுவும் பிடிபடாதபோது கோடு மறைந்துவிட வேண்டும். ஒத்திகையில் வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து உரக்கக் கைதட்டிப் பாருங்கள். அப்போது திரை கருப்பாகவே இருந்தால், குருவை அழைத்துவந்து காட்டலாம்.