ஏழு சான்றிதழ், ஒரு தையல் மெஷின்

கேள்வி: எனக்கு வயது 36, பத்தாவது வரை படித்தேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். தையல், ஆரி ஒர்க், பியூட்டிஷியன், சணல் பை, ஆளுமை வளர்ச்சி என்று இதுவரை ஏழு இலவசப் பயிற்சி முடித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருக்கிறது. வருமானம்தான் இல்லை. அக்கம்பக்கத்தில் லைனிங் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். லைனிங் துணியும் சேர்த்து 150 ரூபாய் வாங்குகிறேன். அடுத்த மாதம் கேக் பயிற்சி வருகிறது. சேரலாமா? “சர்டிஃபிகேட்டைக் கரைச்சுக் குடிக்கப் போறியா” என்கிறார் கணவர்.
பெயர் வேண்டாம், வியாசர்பாடி.

பதில்: கேக் வகுப்பு வேண்டாம்.

போன ஏழும் வீண் என்று சொல்ல மாட்டேன். மதியம் மூன்று மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம், நாலு தோழிகள், ஒரு டீ. இதெல்லாம் ஒரு பெண்ணுக்குத் தேவைதான். ஆனால் அதற்காகத்தான் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். இலவசப் பயிற்சி நடத்துகிறவர்கள் பலருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. அப்புறம் நீங்கள் தைக்கிறீர்களா இல்லையா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

உங்களிடம் மெஷினும் இருக்கிறது, தேடி வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். தையலையே பிடித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கற்க வேண்டியது வகுப்பில் கிடைக்காது. பேப்பரில் வெட்டிப் பழகியதற்கும், ஒருவர் ஆசையாக வாங்கிய பட்டுத் துணியில் கத்தரி வைப்பதற்கும் நிறைய தூரம். கைக்குழியில் சுருக்கம் விழுகிறது, கழுத்து தோளை விட்டு இறங்குகிறது. ஏன் என்று பத்து ப்ளவுஸைப் பிரித்துத் தைத்தால்தான் பிடிபடும். அளவு ப்ளவுஸ் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம், “இது இப்போ உங்களுக்குச் சரியா இருக்கா, பிடிக்குதா?” என்று கேட்கத் தெரிவதும் தொழில்தான். கேட்காவிட்டால் பழி உங்கள் மேல்.

அதனால் பெரம்பூர் பக்கம் நல்ல லேடீஸ் டெய்லர் கடை ஒன்றில் உதவியாளாகச் சேருங்கள். முதலில் கொக்கி, ஹெம்மிங், ஃபால்ஸ் வைப்பது என்றுதான் தருவார்கள். கூலி குறைவாகத்தான் இருக்கும். ஆறு மாதம் பொறுங்கள். கை வேகம் வந்துவிடும், வாடிக்கையாளரிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார் என்பதும் காதில் விழும்.

இப்போது அந்த 150 ரூபாய். லைனிங், நூல், கொக்கி எல்லாம் 70 என்று வைத்தால் மிச்சம் 80. ஒரு ப்ளவுஸுக்கு நாலு மணி நேரம் ஆனால் மணிக்கு 20 ரூபாய். உங்கள் தெருவில் உள்ள கடைகளில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, ஒரு அட்டையில் விலை எழுதி மெஷினுக்கு மேலே மாட்டுங்கள். பாதி முன்பணம். தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். விலையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். “பார்த்துக் கொடுங்கக்கா” என்ற வாலை மட்டும் ஒட்டாதீர்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, எனக்குத் தெரிந்த ஆளுமை வளர்ச்சி இதுதான்.

சான்றிதழ்தான் வேண்டும் என்றால் எடையுள்ள ஒன்றை வாங்குங்கள். கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் தையல் தொழில்நுட்பம் ஒரு வருடப் படிப்பு, எட்டாவது படித்திருந்தால் போதும். அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் உங்களுக்கு டிக்கெட் காசும் இல்லை. ஆனால் ஒரு வருடம் பகல் முழுக்கப் போய்விடும். அதற்கு வீடு ஒத்துவருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது வந்து சொல்வார்கள். 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். தையலுக்கும் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் இப்போது வேண்டாம். 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கி, தெருவில் விற்கும் பெண்களுக்குச் சிறு கடன் கிடைக்க வழி செய்தார். அந்தப் பெண்களுக்கு வியாபாரம் ஏற்கனவே கைவந்திருந்தது, முதல்தான் இல்லை. உங்களுக்கு வாரத்துக்கு இத்தனை ப்ளவுஸ் என்று நிலையாக வரட்டும், அப்புறம் இந்தக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்.

கணவர் கேட்டது குத்தலாக இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள்: காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நான் கடையில் இருந்தால், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார்? ஆட்டோ அவரிடம்தானே இருக்கிறது.

கடைக்குப் போவதானால் ஆடியிலேயே போய்க் கேளுங்கள். ஆவணி முகூர்த்தமும் தீபாவளியும் நெருங்கும்போது கடைக்காரர்களுக்கு ஆள் போதாது. சான்றிதழ் ஃபைல் தேவையில்லை. நீங்கள் தைத்ததில் நல்ல ப்ளவுஸ் ஒன்றும், ஆரி ஒர்க் போட்ட துண்டுத் துணி ஒன்றும் எடுத்துப் போங்கள். மாஸ்டர் ப்ளவுஸின் உள்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார், நூல் பிசிறெல்லாம் வெட்டிவிட்டுக் கொடுங்கள். ஆரி ஒர்க்குக்குக் கூலி தனி என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள்.