கேளுங்க சொல்றேன்: வெயிட்டிங் லிஸ்ட் ஸ்பெஷல்

இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல அட்மிஷன் வெயிட்டிங் லிஸ்ட் கேள்விதான். அதனால மாமியார் பஞ்சாயத்து, வாடகை அட்வான்ஸ் தகராறு எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சாச்சு, யாரும் கோவிச்சுக்காதீங்க. ஒரு காலேஜ் ஆபீஸ்ல அட்மிஷன் செக்ஷன்ல உக்காந்து ரிட்டயர் ஆனவ நான், இந்த சப்ஜெக்ட் வந்தா வாய் கொஞ்சம் நீளும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு திருச்சியில ஒரு எய்டட் காலேஜ்ல அப்ளை பண்ணேன். எங்க கேட்டகரியில வெயிட்டிங் லிஸ்ட் 14ன்னு வந்திருக்கு. வேற ஒரு காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்ட சொல்றாங்க. அப்பா “ரெண்டு எடத்துல கட்ட இங்க என்ன கொட்டியா கிடக்கு”ன்னு சத்தம் போடறார். 14 வருமா அக்கா? — பெயர் வேண்டாம், லால்குடி

வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஃபீஸ கட்டிரு கண்ணு. மத்ததெல்லாம் அப்பறம்.

14 வருமான்னு காலேஜ்ல யாரக் கேட்டாலும் “வெயிட் பண்ணுங்க”ம்பாங்க, பொய் இல்ல, அவங்களுக்கே தெரியாது. லிஸ்ட் நகர்றது உனக்கு முன்னாடி நிக்கிற புள்ளைங்க கையில இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ், மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்கு வர்றதுல நிறைய பேர் இன்ஜினியரிங்குக்கும் போட்டிருக்கும், கொஞ்சம் பேர் நீட்டும் எழுதியிருக்கும். இங்க ஃபீஸ் கட்டி சேந்துட்டு, டி.என்.இ.ஏ.ங்கற தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கை கவுன்சிலிங் ஒவ்வொரு ரவுண்டா முடிய முடிய கையில அலாட்மென்ட் பிரிண்ட் அவுட்டோட டி.சி. வாங்க ஆபீஸ் ஜன்னல்ல வந்து நிக்கும். அந்த வாரம் எங்களுக்கு சாப்பிடக்கூட நேரம் இருக்காது, ஒரு பக்கம் டி.சி. போடணும், இன்னொரு பக்கம் அடுத்த நம்பருக்கு ஃபோன் அடிக்கணும். அதனால சயின்ஸ் குரூப் லிஸ்ட் லேட்டா நகரும், நகர ஆரம்பிச்சா மடமடன்னு நகரும். பி.காம். அப்படி இல்ல, அதுக்கு வர்ற புள்ளைங்க இன்னொரு காலேஜ் பி.காமுக்குதான் போகும், அதுவும் ஆரம்பத்துலயே நடந்து முடிஞ்சிரும்.

இப்ப நீ ரெண்டு விஷயம் கேட்டு வச்சுக்கணும். ஒண்ணு, உன் 14 அரசு உதவி பெறற எய்டட் பிரிவுலயா, காலேஜே ஃபீஸ் வாங்கி நடத்தற செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவுலயா. ஒரே காலேஜ், ஒரே கோர்ஸ், ஆனா லிஸ்ட்டும் வேற ஃபீஸும் வேற, எய்டட்ல 14 வராம செல்ஃப் ஃபைனான்ஸ்ல கூப்பிட்டா அப்பாவால கட்ட முடியுமான்னு இப்பவே வீட்ல பேசிருங்க. ரெண்டாவது, அப்ளிகேஷன்ல என்ன ஃபோன் நம்பர் குடுத்தேன்னு எடுத்துப் பாரு. சிரிக்காத, நிறைய புள்ளைங்க பிரௌசிங் சென்டர்ல அப்ளை பண்ணும்போது சென்டர்க்காரர் அவசரத்துல அவர் நம்பரையும் அவர் மெயில் ஐ.டி.யையும் போட்டு விட்டுடுவார். நாங்க ஃபோன் அடிச்சா “எந்தப் பொண்ணு, தெரியாதே”ன்னு வச்சிருவார். ஸ்விட்ச் ஆஃப்னு வந்தாலும் அதே கதிதான், அடுத்த நம்பருக்குப் போயிட்டே இருப்போம், சாயங்காலத்துக்குள்ள சீட்ட ஃபில் பண்ணணும்ல. நம்பர் தப்புன்னா நேர்லயே போய் லெட்டர் குடுத்து மாத்திரு.

அப்பா கவலைக்கு வர்றேன். கட்டுன பணம் போயிருமோங்கற பயம் நியாயமானது, ஆனா அதுக்கு ரூல் இருக்கு. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018ல போட்ட அறிவிப்புப்படி, அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ இருக்கும்போது விலகினா ஃபீஸ் முழுசா வரும், பிராசசிங்னு 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபா பிடிக்கலாம். 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், கடைசி தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80, ஒரு மாசம் வரைக்கும் 50, அதுக்கப்பறம் கிடையாது. 2024ல இன்னும் தாராளமா செப்டம்பர் 30 வரைக்கும் முழுசா திருப்பிக் குடுக்க சொன்னாங்க. இந்த வருஷ உத்தரவ யு.ஜி.சி. வெப்சைட்ல பாத்து ஒரு பிரிண்ட் எடுத்து வச்சுக்க, “அப்படி ஒரு ரூலே இல்ல”ன்னு கவுன்டர்ல சொன்னா நீட்டறதுக்கு ஆகும். விலகறத எழுத்துல குடுத்து, காப்பியில சீல் வாங்கிக்க, ஏன்னா நாள் கணக்கு அந்த தேதியிலருந்துதான். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ட காலேஜ் வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னும் அதே அறிவிப்புல இருக்கு. இழுத்தடிச்சா யு.ஜி.சி.யோட இ-சமாதான் தளத்துல புகார் போடலாம். பணம் உடனே வந்துரும்னு சத்தியம் பண்ண மாட்டேன், நடையா நடக்க விடுவாங்க, ஆனா வரும்.

பையனுக்கு டி.என்.இ.ஏ.ல டென்டேடிவ் (தற்காலிக) அலாட்மென்ட்ல மெக்கானிக்கல் வந்திருக்கு. அவனுக்கு ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வேணும். அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் குடுத்தா இருக்கறதும் போயிருமா? — ஒரு அப்பா, திண்டுக்கல்

போகாது சார். அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்னா “இது எனக்கு வேணும், மேல ஏதாச்சும் காலியானா அதுக்கு மாத்திக் குடுங்க”ன்னு அர்த்தம். மேல கிடைக்கலன்னா மெக்கானிக்கல் உங்களுக்கேதான், டி.என்.இ.ஏ.வோட உதவி மையமான ஃபெசிலிடேஷன் சென்டர்ல குறிச்ச தேதிக்குள்ள பணத்த மட்டும் கட்டிருங்க. டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்தான் ஆபத்து, அதுல கையில இருக்கறத விட்டுட்டு மேல பாத்துட்டு நிக்கணும்.

ஆனா யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அப்வேர்ட்னா ஈ.சி.இ. மட்டும் இல்ல, சாய்ஸ் லிஸ்ட்ல இந்த மெக்கானிக்கலுக்கு மேல நீங்க போட்டு வச்சிருக்கற எது வேணா வரலாம். வந்தா பழைய சீட் அந்த நிமிஷமே இன்னொரு பையனுக்குப் போயிரும், “அய்யோ அது வேணாம்”னா திரும்பி வராது. நடு ராத்திரியில உக்காந்து சாய்ஸ் போடும்போது யாரோ சொன்னாங்கன்னு 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு காலேஜ ஏழாவதாவோ எட்டாவதாவோ சேத்திருப்பீங்க. லாக் பண்ண லிஸ்ட்ட இப்ப மாத்தவும் முடியாது. அத எடுத்து பையனோட உக்காந்து மேல இருக்கற ஒவ்வொண்ணையும் “இது வந்தா மெக்கானிக்கல விட சந்தோஷமா போவியா”ன்னு கேளுங்க. ஒண்ணுக்காச்சும் முகம் சுருங்குச்சுன்னா “இதுவே போதும், சேந்துக்கறேன்”ங்கற அக்செப்ட் அண்ட் ஜாயின் குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர், 2 லட்சம் குடுத்தா வெயிட்டிங் லிஸ்ட்ல மேல ஏத்தி விடறேன்ங்கறார். நம்பலாமா? — வாசகர், வேலூர்

நம்பாதீங்க. லிஸ்ட் தானா நகர்ந்து உங்களுக்கு வந்தா “நான்தான் பண்ணேன்”பார், வரலன்னா ஃபோன எடுக்க மாட்டார். 1992லயே தமிழ்நாட்டுல கேப்பிட்டேஷன் ஃபீஸ தடை பண்ணி சட்டம் வந்தாச்சு, குடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது, போய் கேக்கறதுக்கு இடமும் இருக்காது.

நியூ ஜெர்சில இருக்கோம். பொண்ணுக்கு ஆசப்பட்ட யுனிவர்சிட்டில வெயிட்லிஸ்ட். வீடே இழவு விழுந்த மாதிரி இருக்கு. நாங்க அட்மிஷன் ஆபீஸுக்கு கால் பண்ணி பேசலாமா? — ஒரு அம்மா

நீங்க பண்ணாதீங்கம்மா. நம்ம ஊர்ல அப்பா அம்மா போய் பிரின்சிபல் ரூம் வாசல்ல நிக்கறது சகஜம், அங்க அது புள்ளைக்கே கெடுதலா முடியும். எதுவா இருந்தாலும் அவளே எழுதட்டும்.

இங்க மாதிரி 14, 15ன்னு நம்பரும் அங்க பெரும்பாலும் கிடையாது. மே 1க்குள்ள எத்தன பேர் டெபாசிட் கட்டறாங்கன்னு பாத்துட்டு, எந்த இடத்துல ஆள் குறையுதோ அதுக்கு ஏத்த மாதிரி எடுப்பாங்க. அதனால முதல்ல வெயிட்லிஸ்ட்ல இருக்க சம்மதம்னு ஃபார்ம்ல சொல்லணும், சும்மா இருந்தா நீங்களே விலகிட்டதா ஆயிரும். அப்பறம் கிடைச்ச காலேஜ்ல ஒண்ணுல மே 1க்குள்ள டெபாசிட். ஒண்ணுலதான், ரெண்டு காலேஜ்ல கட்டி வைக்கறது அங்க தப்பு. வெயிட்லிஸ்ட்ல வச்ச யுனிவர்சிட்டி கூப்பிட்டு அங்க போனா அந்த டெபாசிட் போயிரும், அது போனா போகுதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. அவ ஒரு பக்கத்துக்கு மிகாம லெட்டர் எழுதலாம், அப்ளிகேஷன் போட்டதுக்கப்பறம் புதுசா என்ன பண்ணா, சீட் கிடைச்சா கண்டிப்பா வருவாளான்னு. பழசையே திருப்பி எழுதினா படிக்கறவங்களுக்கு சலிப்புதான் வரும். எவ்ளோ பேர வெயிட்லிஸ்ட்ல வச்சு எவ்ளோ பேர எடுத்தாங்கன்னு நிறைய காலேஜ்கள் வருஷா வருஷம் வெளியிடற காமன் டேட்டா செட்ங்கற புள்ளிவிவரத்துல சி2ங்கற பகுதியில போடும், அதப் பாருங்க, சில எடத்துல ஒரு வருஷம் நூத்துக்கணக்குல எடுத்துட்டு அடுத்த வருஷம் ஒருத்தரக்கூட எடுத்திருக்க மாட்டாங்க. ஜூன், ஜூலையில திடீர்னு கூப்பிட்டு சில நாள்லயே பதில் கேப்பாங்க, ஃபீஸுக்கு உதவித்தொகை (எய்டு) எவ்ளோன்னு கேக்காம சரின்னுடாதீங்க.

இழவு வீடு மாதிரின்னு எழுதிருக்கீங்களே, அவளுக்கு வேற காலேஜ்ல சீட் கிடைச்சிருக்குல்ல? அதுக்கு ஒரு பாயசமாச்சும் வச்சீங்களா? வைங்க முதல்ல.

எல்லாரும் காலேஜ் ஐ.டி. கார்டோட ஸ்டேட்டஸ் வைக்கறாங்க. எனக்கு மூணு காலேஜ்லயும் வெயிட்டிங். சித்தப்பா தினமும் ஃபோன் பண்ணி “என்னடா ஆச்சு”ங்கறார். தூக்கமே வரல. — விருதுநகர் பையன்

தம்பி, சித்தப்பாக்கு ஒரே ஒரு மெசேஜ் போடு: “வந்தா நானே சொல்றேன் சித்தப்பா.” அப்பறம் ஃபோன அம்மாகிட்ட குடுத்துரு. பெத்தவங்கள தவிர யாருக்கும் தினசரி ரிப்போர்ட் குடுக்கற கடமை உனக்கு இல்ல. வெப்சைட்ட காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஆபீஸ் மூடற நேரத்துக்கு ஒரு தடவ பாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த காலேஜ் கிளார்க்கும் லிஸ்ட் போட மாட்டாங்க, நான் அந்த வேலை பாத்தவ சொல்றேன்.

மூணுலயும் வெயிட்டிங்னா நாலாவது ஒண்ணு பாக்கணும்பா. பக்கத்து அரசு கலைக் கல்லூரில காலி சீட்டுக்கு கடைசி கட்ட கவுன்சிலிங் நடக்குதான்னு நேர்ல போய் நோட்டீஸ் போர்ட பாரு, ஃபீஸும் கம்மி. பகல்ல சும்மா படுத்துக் கிடக்காத, சர்ட்டிஃபிகேட் ஜெராக்ஸ், வருமான சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் ரெடி பண்ணு, கூப்பிட்டதுக்கப்பறம் தாலுகா ஆபீஸுக்கு ஓடினா நேரம் பத்தாது. அதுக்கும் மேல மனசு ரொம்ப கனமா இருந்தா, சாப்பாடு எறங்கல, வாழவே புடிக்கலன்னு தோணுச்சுன்னா, அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு, 14416க்கு போடு, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

வேற காலேஜ்ல சேந்து மூணு வாரம் ஆச்சு, ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சுட்டாங்க, மேடமும் நல்லா நடத்தறாங்க. இப்பப் போய் வெயிட்டிங்ல இருந்த காலேஜ் கூப்பிடுது. போகணுமா? — மாணவி, கும்பகோணம்

போகணும்னு கட்டாயம் எதுவும் இல்லம்மா. அந்த காலேஜ் பேரு பெருசுங்கறதுக்காக மட்டும் போறதா இருந்தா வேணாம். ஃபீஸ் பாதியா குறையுது, இல்ல நீ ஆசப்பட்ட கோர்ஸே அங்கதான் இருக்குன்னா போ, மூணு வாரப் பாடத்த நோட்டு வாங்கி எழுதிடலாம். போறதுன்னா முதல்ல ரீஃபண்டுக்கு எழுதிக் குடுத்து தேதி போட்டு சீல் வாங்கிட்டு அப்பறம் டி.சி. கேளு. போகலன்னா இன்னைக்கே அந்த ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி “வரல”ன்னு சொல்லிரு.