மழை நாளிலும் சிக்காத இழுப்பறை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அம்மாவின் 60வது பிறந்தநாளுக்கு, நகை வைக்க மூன்று இழுப்பறைகள் கொண்ட சின்னப் பெட்டி ஒன்றை என் கையாலேயே செய்து தர ஆசை. பழகிப் பார்க்கப் பைன் மரத்தில் ஓர் இழுப்பறை செய்தேன். மழை பெய்தால் சிக்கிக்கொள்கிறது. அளவெல்லாம் சரிதான். என்ன தவறு?"

உங்கள் அளவில் தவறில்லை, மரம் உப்பியிருக்கிறது. ஈரக்காற்று பட்டால் மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கேதான் விரியும். ரேகை ஓடும் திசையில் நீள்வது மிகக் குறைவு. இழுப்பறையின் பக்கப் பலகையில் ரேகை முன்னும் பின்னுமாக ஓடுவதால், மழைக்காலத்தில் அதன் உயரம்தான் கூடும். 7 செ.மீ. உயரப் பைன் பலகை, ஏர்கான் அறையில் காய்ந்திருந்துவிட்டு வெளி ஈரத்துக்கு வந்தால் அரை மில்லிமீட்டருக்கு மேலும் வளரலாம். ஆகவே பக்கவாட்டில் அரை மி.மீ. போதும், மேலே 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். இப்போது சிக்கும் இழுப்பறையின் மேல் விளிம்பைப் பாருங்கள். எங்கே மினுமினுக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அங்கே மட்டும் இழைப்புளியால் சீவினால் போதும்.

அம்மாவின் பெட்டிக்கு என் யோசனை: இழுப்பறைகள் நுழையும் வெளிக்கூட்டுக்கு 12 மி.மீ. பிளைவுட், இழுப்பறைகளுக்கு 9 மி.மீ. பிளைவுட், முகப்புப் பலகைக்கு மட்டும் தேக்கு. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அதிகம் விரியாது. தேக்கும் மற்றப் பல மரங்களைவிட அடக்கமானது. சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகள் உண்டு. பலகையை அளவுக்கு வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்ரம்பம் ஓட்டி அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பாக்கி வேலைக்குக் கைரம்பமும் உளியும் போதும்.

வரிசை ரொம்ப முக்கியம். முதலில் கூடு. பசை காயும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் சமமாக இருந்தால்தான் கூட்டின் மூலைகள் செங்கோணம். பின்பலகையை அடித்த பிறகு ஒவ்வொரு திறப்பையும் தனித்தனியாக அளந்து, அதற்கேற்ப இழுப்பறை செய்யுங்கள். காகிதத்தில் போட்ட அளவை நம்பி மூன்றையும் முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். அப்புறம், இழுப்பறையின் அகலத்தைவிட ஆழம் (முன்னிருந்து பின்வரை உள்ள நீளம்) கூடுதலாக இருக்கட்டும், 24 செ.மீ. அகலத்துக்கு 28 செ.மீ. ஆழம் என்பது போல. அகலம் கூடினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அடி விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

வெளிப்புறத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசலாம். உள்ளே வேண்டாம், மூடிய இடத்தில் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. உள்ளே ஷெல்லாக் (அரக்கு மெருகு) மெல்லப் பூசுங்கள், அல்லது வெறுமனே விடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது; ஒற்றையாக விரித்து, முழுக்கக் காய்ந்த பிறகே எறிய வேண்டும்.

பலகைகளை வெட்டும் முன் இரண்டு வாரமாவது அம்மாவின் அறையிலேயே வைத்திருங்கள். எண்ணெய் காய இன்னும் இரண்டு வாரம் வேண்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இப்போதே தொடங்குங்கள்.