10 நாளா, 21 நாளா?

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் 54 வயது வாசகர் கேட்கிறார்: “வலது கை மூன்று மாதமாக மேலே போகவில்லை. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. தோள்பட்டை இறுகிவிட்டது என்று சொல்லி டாக்டர் 10 நாள் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். சென்டரிலோ 21 நாள் பேக்கேஜ், பணம் மொத்தமும் முன்கூட்டியே என்கிறார்கள். ஷாக் அடிக்குமா? கதிர்வீச்சு உண்டா?”

ஷாக்கும் இல்லை, கதிரும் இல்லைங்க. இது ஸ்கேன் அல்ல, வலிக்கு வைக்கும் சிகிச்சை. காதுக்கு எட்டாத ஒலி, அவ்வளவுதான். சில்லென்று ஜெல் தடவி, கைப்பிடி போல இருக்கும் மெஷினின் தலையைத் தோள்மேல் வட்டமாகச் சுற்றுவார்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இளஞ்சூடு தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். தெரியவில்லை என்பதற்காக அளவைக் கூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். உள்ளே எலும்பில் சுருக்கென்று வலித்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். தலையை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டாலோ, அளவு கூடிப்போனாலோதான் அப்படி வலிக்கும்.

இங்கேதான் உங்கள் சர்க்கரை குறுக்கே வருகிறது. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. சுட்டாலும் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள். மரமரப்பு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும், தோளில் உணர்வு நன்றாகவே இருக்கலாம். இருந்தாலும் “இருக்கும்” என்று விட்டுவிடக் கூடாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்நீர். கண்ணை மூடச் சொல்லித் தோளில் மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மெஷினைக் கையில் எடுத்தால், “சர்க்கரை இருக்குதுங்க, பார்த்துட்டு வையுங்க” என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, பேக்கேஜுக்கு வருவோம். டாக்டர் எழுதியது 10, இவர்கள் சொல்வது 21. நடுவில் முளைத்த 11 நாள் யாருடைய வைத்தியம்? உங்களை யாராவது சொந்தக்காரர் அங்கே கூட்டிப்போயிருந்தால், அவருக்குக் கமிஷன் போகிறதா என்று விசாரியுங்கள். அன்றன்றைக்குக் கொடுத்து அன்றன்றைக்கு ரசீது வாங்குங்கள். வலி முகாம் போட்டு வீட்டுக்கே மெஷின் விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மெஷின் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், தலையில் சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் துள்ள வேண்டும். அளவு சரியா என்பது அதில் தெரியாது, செத்த மெஷினா என்பது தெரிந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரியும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிசியோதெரபிக்கு நாலரை வருடம் படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். 2021-லேயே பிசியோதெரபியையும் சேர்த்து மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் மூன்று மாதம் பழகியவர் போர்டு மாட்டுகிறார், கேட்பாரில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நின்றே அரை நாள் தறி நின்றுவிடும். உங்களைத்தான் எப்படிக் குறை சொல்வது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் வியாபாரிதான். இறுகிய தோளை இந்த ஒலி மட்டும் அவிழ்த்துவிடாது. அதனால் பெரிய பலன் என்று ஆராய்ச்சிகளும் உறுதியாகச் சொல்லவில்லை. பயிற்சிதான் முக்கியம். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல ஆட்டுங்கள். அப்புறம் சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் இன்றைக்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். பத்தாவது நாளும் கோடு அங்கேயே நின்றால், பதினோராவது நாளுக்குப் பணம் கட்டாமல் டாக்டரிடம் திரும்பப் போங்கள்.